எந்தத் துடிப்பை விழுங்கலாம்? எண்முறைச் சுற்றுச் சிமுலேஷனில் தாமதமும் வடிகட்டலும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் வந்ததாகச் சொல்லப்பட்ட கோளாறு நாடு முழுவதற்கும் மின்சாரமில்லாமல் செய்துவிட்டது. நுரைச்சோலை லக்விஜய அனல் மின்நிலையத்தில் தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. நகரங்களுக்கு அன்றைக்கே மின்சாரம் திரும்பியது. நிலக்கரிக் கொதிகலன்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நாட்கள் பிடித்தன. அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேரச் சுழற்சி மின்வெட்டு வந்தது. குரங்கை வைத்து நாடே பகிடி விட்டது. பொறியியலாளர்கள் பேசிக்கொண்டதோ வேறு விடயம். வெயில் ஏறிய விடுமுறை நாளில் கூரைகளின் சூரியப் பலகைகள் பெரும்பங்கு கொடுத்துக்கொண்டிருந்தன, சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாக இருந்தன. அப்படியொரு வலையமைப்பில் அதிர்வெண் சட்டென்று சரியும். சரிவு எவ்வளவு நேரம் நீடித்தால் எந்த ரிலே எதைத் துண்டிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அப்போதுதான் சோதனைக்கு வருகிறது.

காப்பு ரிலே எல்லையைத் தாண்டிய கணத்திலேயே வேலை செய்துவிடாது. அந்த நிலை இத்தனை மில்லிசெக்கனுக்கு நீடிக்கிறதா என்று பார்க்கும். அதற்குள் சரியாகிவிட்டால் எதுவும் நடக்காததுபோல் விட்டுவிடும். இதே ஏற்பாடு இன்னும் கீழே, ரிலேயின் உள்ளீட்டு முனையிலும் உண்டு. மின்மாற்றி முற்றத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைவரை நீளும் கம்பியில் நேர்மின் கட்டுப்பாட்டு அழுத்தம் ஓடுகிறது. பக்கத்துக் கேபிளின் 50 ஹேர்ட்ஸ் மாறுமின் அதில் ஏறிக்கொள்ளலாம். 50 ஹேர்ட்ஸின் அரைச்சுற்று 10 மில்லிசெக்கன். ஆகவே உள்ளீட்டு வடிகட்டியை அரைச்சுற்றை ஒட்டியோ அதற்கு மேலேயோ வைப்பது வழக்கம். தொடுமுனை மூடும்போது சில மில்லிசெக்கன் துள்ளுவதும் அதிலேயே அடங்கிப்போகும்.

இந்தத் தருக்கம் இன்று மென்பொருளிலோ எஃப்.பி.ஜி.ஏ. சில்லிலோ உட்கார்ந்திருக்கிறது. சில்லில் ஏற்றுமுன் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சிமுலேட்டருக்கும் தனக்கென்று ஒரு வடிகட்டி உண்டு. யாரும் வரைபடத்தில் வரையாத, எந்தப் பாகப் பட்டியலிலும் இல்லாத வடிகட்டி அது. வடிவமைப்பாளர் வேண்டுமென்று விழுங்கவைத்த துடிப்பு எது, சிமுலேட்டர் தன் பழக்கத்தால் விழுங்கிய துடிப்பு எது என்ற வேறுபாடு அலைவடிவத் திரையில் தெரியாது. இத்துறையில் எழுதப்பட்டதையெல்லாம் படித்தபின் எனக்கு மிஞ்சும் கருத்து இதுதான்: அந்த இரண்டாவது வடிகட்டியின் அளவை வெளிப்படையாக எழுதி வைக்காத சிமுலேஷன் முடிவை முடிவென்று ஏற்கக் கூடாது.

தாமதத்தில் அடிப்படையாக இரண்டு வகை. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக் குழாய்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட குழாயின் இந்த முனையில் ஒரு கணம் தண்ணீர் விட்டு நிறுத்தினால், அந்த முனையில் சற்றுப் பிந்தி அதே அளவு தண்ணீர் வரும். இது கடத்தல் தாமதம். எவ்வளவு குறுகிய துடிப்பும் அப்படியே போய்ச் சேரும். குழாய் முனையில் சுழலும் தெளிப்பானுக்கு அந்த ஒரு கணம் போதாது. அது அசைவதற்குள் அழுத்தம் போய்விடும். இது நிலைமத் தாமதம். ஒரு படலையின் தாமதத்தை விடக் குறுகிய துடிப்பு அந்தப் படலையைக் கடக்காது என்பது இதன் விதி. திரான்சிஸ்டர் ஒன்று தன் வெளியீட்டில் உள்ள கொள்ளளவத்தை நிரப்பவோ வடிக்கவோ நேரம் எடுக்கிறது, பாதியிலேயே உள்ளீடு திரும்பிவிட்டால் வெளியீடு நகர்ந்த தடம் தெரியாது என்பதுதான் இந்த விதிக்குப் பின்னால் உள்ள பௌதிகம்.

ஒரு சிறிய சுற்றை எடுப்போம். இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் தெரிவி. தெரிவுக் கம்பி ஓர் ‘உம்’ (AND) படலைக்கு நேராகவும், மற்ற உம் படலைக்கு ஓர் ‘இல்’ (NOT) படலை வழியாகவும் போகிறது. இரண்டு உம் படலைகளின் வெளியீடுகளும் ஓர் ‘அல்லது’ (OR) படலையில் சேர்கின்றன. இல் படலைக்கு 2 நனோசெக்கன், மற்றவற்றுக்குத் தலா 3 நனோசெக்கன் என்று வையுங்கள். இரண்டு தரவு உள்ளீடுகளும் 1. எதைத் தெரிந்தெடுத்தாலும் வெளியீடு 1 ஆகவே இருக்க வேண்டும். நேரம் 100 இல் தெரிவுக் கம்பி 1 இலிருந்து 0 க்கு விழுகிறது. முதல் உம் படலை 103 இல் விழுகிறது. இல் படலை 102 இல் எழ, இரண்டாவது உம் படலை 105 இல் எழுகிறது. 103 முதல் 105 வரை ‘அல்லது’ படலையின் இரண்டு உள்ளீடும் 0.

அந்த 2 நனோசெக்கன் பள்ளம் வெளியே வருமா? கடத்தல் தாமதம் என்றால் 106 இல் விழுந்து 108 இல் எழும். நிலைமத் தாமதம் என்றால், 103 இல் ‘106 இல் விழு’ என்று குறித்துவைத்த நிகழ்வை 105 இல் வந்த மாற்றம் அழித்துவிடும், திரையில் நேர்க்கோடு. சுற்றில் ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லை. மாறியது சிமுலேட்டரின் நம்பிக்கை மட்டும். ‘அல்லது’ படலை மட்டும் வேகமாகி 1 நனோசெக்கன் ஆனால் நிலைமத் தாமதத்திலும் பள்ளம் 104 இல் தெரிந்துவிடும். ‘மிக மெதுவான சில்லை வைத்துச் சோதித்துவிட்டோம், வேகமான சில்லில் பிரச்சினை வராது’ என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது. துடிப்புகளைப் பொறுத்தவரை மெதுவான மூலை, அதாவது எல்லாத் தாமதங்களும் மிக நீண்டிருக்கும் நிலை, மோசமான மூலை என்று சொல்ல முடியாது.

இப்படியான பள்ளங்களுக்கு மருந்து 1950களிலேயே தெரியும். டேவிட் ஹஃப்மன் காட்டிய வழி, இரண்டு தரவு உள்ளீடுகளையும் சேர்த்த ஒரு மேலதிக உம் படலையைப் போடுவது. அது மாற்றம் நடக்கும் நேரத்தில் வெளியீட்டைத் தாங்கிக்கொள்ளும். அனல் மின்நிலையக் காப்பில் எங்கும் காணப்படும் ‘மூன்றில் இரண்டு’ வாக்குச் சுற்றுக்கு இந்த மருந்து தேவையே இல்லை என்பது எனக்குப் பிடித்த ஒரு விடயம். மூன்று உணரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று உம் படலைகளில், எந்த ஓர் உணரி மட்டும் புரண்டாலும் மற்ற இரண்டின் படலை வெளியீட்டைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு உணரிகள் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புரண்டால்தான் வம்பு.

மொழிகள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டன என்பது தனிக் கதை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் திட்டமொன்றில் பிறந்து 1987 இல் தரப்படுத்தப்பட்ட வி.எச்.டி.எல். மொழி, நிலைமத் தாமதத்தையே இயல்பாக எடுத்துக்கொண்டது. கடத்தல் வேண்டுமானால் ‘டிரான்ஸ்போர்ட்’ என்று எழுத வேண்டும். விழுங்கும் எல்லையும் தாமதமும் ஒரே எண்ணாக இருந்தது அதன் குறை. 1993 திருத்தத்தில் ‘ரிஜெக்ட்’ என்ற சொல் வந்து இரண்டையும் பிரித்தது. மேலே சொன்ன ‘அல்லது’ படலைக்கு 3 நனோசெக்கன் தாமதம், 1 நனோசெக்கன் விழுங்கெல்லை என்று எழுதினால் அந்த 2 நனோசெக்கன் பள்ளம் முழுசாக வெளியே வரும்.

வெரிலாக் 1980களின் நடுவில் கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் என்ற சிறு நிறுவனத்தில் உருவானது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பிரபு கோயல் நடத்திய நிறுவனம். மொழியை எழுதிய ஃபில் மூர்பி அதற்குமுன் பிரித்தானியாவின் புரூனல் பல்கலைக்கழகத்தில் ஹைலோ சிமுலேட்டரில் வேலை செய்தவர். 1989 இல் கேடன்ஸ் நிறுவனம் கேட்வேயை வாங்கியது, 1995 இல் மொழி தரமாயிற்று. வெரிலாக்கில் துடிப்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவதான விழுங்கெல்லைக்குக் கீழே உள்ளது விழுங்கப்படும். இரண்டாவதான பிழையெல்லைக்கும் மேலானது கடந்துபோகும். இடைப்பட்டது ‘எக்ஸ்’ ஆக, அதாவது என்னவென்று தெரியாத மதிப்பாக வெளிவரும். இந்த இடைநிலம்தான் வி.எச்.டி.எல். மொழியின் மூலவிதிகளில் இல்லாதது. நூலகப் படலைகளுக்கு அதைக் கொண்டுவர 1995 இன் வைட்டல் தரம் வர வேண்டியிருந்தது.

வசதி இருக்கிறது என்பதற்காக அது பயன்படுகிறது என்றில்லை. எல்லை எதுவும் கொடுக்காவிட்டால் வெரிலாக்கில் இரண்டு எல்லைகளும் பாதையின் தாமதத்துக்குச் சமம். இடைநிலம் பூச்சியமாகச் சுருங்கி, வெறும் நிலைமத் தாமதமே மிஞ்சும். எல்லையை மாற்ற மூன்று வாசல்கள்: படலையின் வரையறைக்குள்ளேயே ‘பாத்பல்ஸ்’ என்ற மாறிலி, சிமுலேட்டரை ஓட்டும் கட்டளையில் தாமதத்தின் இத்தனை வீதம் என்ற பொது அளவு, சில்லின் உருவரை முடிந்தபின் வரும் எஸ்.டி.எஃப். தாமதக் கோப்பு. கோப்பில் உள்ளது மாறிலியை மேவும். பொது அளவு, இந்த இரண்டும் தொடாத பாதைகளுக்கு மட்டும் பொருந்தும். கட்டளையில் ‘பூச்சிய வீதம்’ என்று கொடுத்துவிட்டு எல்லாத் துடிப்புகளும் தெரிகின்றன என்று நிம்மதியாக இருப்பவர், நூலகக்காரர் ஒரு படலைக்குள் வைத்த மாறிலியைக் கவனிக்காமல் போகலாம்.

2001 திருத்தம் இன்னும் இரண்டு நுட்பமான கேள்விகளைக் கேட்டது. எக்ஸ் எப்போது தொடங்குகிறது என்பது ஒன்று. நம்முடைய பள்ளத்துக்கு விழுங்கெல்லை 1, பிழையெல்லை 3 என்று வைத்தால், வழக்கமான முறையில் 106 முதல் 108 வரை எக்ஸ் தோன்றும். ‘கண்ட உடனே’ முறையில், துடிப்பு குறுகியது என்று தெரியவந்த 105 இலிருந்தே எக்ஸ் தொடங்கும். இரண்டாவது முறை அதிகப் பயந்தாங்கொள்ளி, ஆனால் நேர்மையானது. படலை சரியாக எந்தக் கணத்தில் தடுமாறும் என்று யாருக்கும் தெரியாதே.

மற்றது, காணாமலே போகும் துடிப்பு. ஒரு படலை எழ 4, விழ 6 நனோசெக்கன் எடுக்கிறது என்போம். 1 நனோசெக்கன் துடிப்பு வந்தால், வீழ்ச்சி 6 இலும் அதன்பின் வரவேண்டிய எழுச்சி 5 இலும் குறிக்கப்படும். பின்னால் வரவேண்டியது முன்னால் வந்துவிடுகிறது. சிமுலேட்டர் சத்தமில்லாமல் இரண்டையும் தள்ளிவிடும். தள்ளியதைக் காட்டச் சொல்லும் வசதி மொழியில் உண்டு. இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

கம்பிகளின் தாமதத்துக்கு வந்தால் இன்னொரு விபரீதம். சில்லில் மணிச்சமிக்ஞையைப் பரப்பும் மரத்தின் மொத்தத் தாமதத்தையும் சில சமயம் ஒரே எண்ணாகச் சுருக்கி ஒரு கம்பியில் மாட்டிவிடுகிறார்கள். 250 மெகாஹேர்ட்ஸ் மணிக்கு அரைச்சுற்று 2 நனோசெக்கன். மரத்தின் தாமதம் 3 நனோசெக்கன் என்றால் நிலைமத் தாமத விதிப்படி ஒவ்வொரு அரைச்சுற்றும் விழுங்கப்படும். மணி அடிக்கவே அடிக்காது, முழுச் சில்லும் திரையில் செத்துக் கிடக்கும். இது வெளிப்படையான பிழை என்பதால் ஒருவகையில் நல்லது. துடிப்புகளில் கால்வாசி விழுங்கப்பட்டுச் சுற்று வேலை செய்வதுபோல் தோன்றுவதுதான் ஆபத்து. எஃப்.பி.ஜி.ஏ. நிறுவனங்களின் கைநூல்கள், கம்பிகளுக்குக் கடத்தல் தாமதத்தைத் திறந்துவிடும்படி சிமுலேட்டருக்கான தனிச் சாவிகளைச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். நீண்ட கம்பி ஒரே நேரத்தில் பல துடிப்புகளைத் தன்னுள் சுமந்து செல்லும், படலை அப்படியல்ல. ஆகவே இரண்டுக்கும் ஒரே விதி என்பதே பொருந்தாது.

எழுதும் முறையிலும் இந்தப் பொறி ஒளிந்திருக்கிறது. வெரிலாக்கில் தொடர் ஒதுக்கீட்டில் எழுதிய தாமதம் நிலைமத் தாமதம். தடுக்காத ஒதுக்கீட்டின் வலப்பக்கத்தில் எழுதியது கடத்தல் தாமதம். தடுக்கும் ஒதுக்கீட்டுக்கு முன்னால் எழுதினால் இரண்டுமில்லை. காத்திருக்கும் நேரத்தில் வரும் உள்ளீட்டு மாற்றங்களை அது கவனிப்பதே இல்லை. கிளிஃபர்ட் கமிங்ஸ் 1999 இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைக்கும் கைக்கொள்ளத்தக்கது. கூடவே நேர நுண்மை. நுண்மையை 1 நனோசெக்கன் என்று வைத்துவிட்டு 0.4 நனோசெக்கன் தாமதம் எழுதினால் அது பூச்சியமாக மழுங்கும், 0.6 எழுதினால் 1 ஆகும். எல்லைகளைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் இந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இதுவரை சொன்னது அமைப்புகளைப் பற்றி. சரியான அமைப்பு என்று ஒன்று இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி, கட்டுரையின் கனமும் அங்கேதான். நிலைமத் தாமதத்தின்படி 2.99 நனோசெக்கன் துடிப்பு சுவடில்லாமல் மறையும், 3.01 நனோசெக்கன் துடிப்பு முழு உயரத்தில் வெளிவரும். இயற்கையில் அப்படிக் கோடு கிழித்தாற்போல் எதுவும் நடப்பதில்லை. இடைப்பட்ட அகலத்தில் பாதி உயரத்துக்கு எழுந்து சரியும் குட்டைத் துடிப்பு பிறக்கும். அது ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் அடுத்த பிளிப்-பிளாப்பைத் தொட்டால், 0 க்கும் 1 க்கும் நடுவில் அதை எவ்வளவு நேரமும் நிறுத்திவைக்கக்கூடும். 1973 இல் செய்னியும் மோல்னரும் இதை அலைமானித் திரையில் காட்டினார்கள். 1981 இல் லெனர்ட் மரினோ, இதிலிருந்து தப்பும் சுற்றைக் கட்டவே முடியாது என்று கணிதமாக நிறுவினார்.

சிமுலேட்டரின் தாமத விதிகள் இந்த உண்மையோடு ஒத்துப்போகின்றனவா என்று வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊல்ரிச் ஷ்மிட், மத்தியாஸ் ஃபூகர் ஆகியோரும் அவர்களோடு தோமஸ் நோவாக்கும் 2013 இல் கேட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சோதனை குறுந்துடிப்பு வடிகட்டல்: வரும் ஒற்றைத் துடிப்பு எந்த அகலத்தில் இருந்தாலும், வெளியே குறுகிய துடிப்பே வராத ஒரு சுற்று. முடிவெடுக்க நேர எல்லை இல்லையென்றால் இயற்கையில் அதைக் கட்டலாம். குறித்த நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டுமென்றால் கட்ட முடியாது. இந்த அளவுகோலில் கடத்தல் தாமதம் ஒரு பக்கம் தவறுகிறது. நேர எல்லை இல்லாவிட்டாலும் அதை வைத்து இப்படியொரு வடிகட்டியைக் கட்ட முடியாது. நிலைமத் தாமதம் மறுபக்கம் தவறுகிறது. குறித்த நேரத்துக்குள்ளேயே கட்டிவிடலாம் என்கிறது. அதாவது நாம் அன்றாடம் இயல்பாக வைத்திருக்கும் விதி, இயற்கை தராத ஒன்றைத் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. 2015 இல் அவர்கள் முன்வைத்த மாற்று விதியில் தாமதம் மாறிலி அல்ல. கடைசி மாற்றம் நடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்துக் குறுகி, துடிப்பைச் சிறிது சிறிதாகத் தேய்க்கிறது. அந்த விதி இயற்கையோடு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. ஆனாலும் தொழிற்சாலைச் சிமுலேட்டர்களில் அது வழக்கத்துக்கு வரவில்லை. நூலகங்களும் எஸ்.டி.எஃப். கோப்புகளும் பழைய எண்களைச் சுற்றியே கட்டப்பட்டவை.

இவ்வளவு சிக்கலுக்குத் தாமதச் சிமுலேஷனே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, அவர்களிடம் நியாயமும் உண்டு. இன்றைய சில்லின் வேகத்தை உறுதிசெய்வது நிலைநேரப் பகுப்பாய்வு. அது சமிக்ஞைகளை ஓட்டாமலே எல்லாப் பாதைகளின் நீளத்தையும் கூட்டிப் பார்க்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஸ்ரீநிவாஸ் தேவதாஸ், கூர்ட் கொய்ட்ஸர், ஷரத் மாலிக் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள், ஒருபோதும் தூண்டப்படாத பாதைகளை எண்ணி ஏமாறாமல் ஒரு சுற்றின் உண்மைத் தாமதத்தைக் கணிப்பது எப்படி என்பதைத் தெளிவாக்கின. அதே சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் எழுதப்பட்ட புளூஸ்பெக் மொழியில் நனோசெக்கன் என்ற பேச்சே எழுவதில்லை. ஒரு மணித்துடிப்பிலிருந்து அடுத்ததற்கு என்ன நடக்கிறது என்பது மட்டுமே. மணிக்குக் கட்டுப்பட்ட சுற்றுக்குள் கிளிட்ச் என்னும் வேண்டாத குறுந்துடிப்பு வந்தாலும் அடுத்த விளிம்புக்குள் அடங்கிவிட்டால் கேடில்லை.

மணிக்குக் கட்டுப்படாத இடங்கள்தான் மிச்சம்: மீளமைப்புக் கம்பி, மணியை நிறுத்தித் திறக்கும் வாயில், வெளியிலிருந்து வரும் உள்ளீடு, இரண்டு மணி ஆட்சிகளின் எல்லை. மீளமைப்புக் கம்பியில் ஒரு குட்டைத் துடிப்பு விழுந்தால் சில பிளிப்-பிளாப்புகள் மீளும், சில மீளா. பாதைகளைக் கூட்டிப் பார்க்கும் பகுப்பாய்வு துடிப்பு பிறப்பதைக் காட்டாது. மின்னுகர்வுக் கணக்கும் இதே பட்டியலில் வரும். கிளிட்ச் ஒவ்வொன்றும் கொள்ளளவத்தை நிரப்பி வடிக்கிறது. நிலைம எல்லையைப் பெரிதாக வைத்தால் நுகர்வு குறைவாகத் தெரியும், பூச்சியமாக்கினால் வீங்கித் தெரியும். பெருக்கிச் சுற்றுகளில் இந்த வித்தியாசம் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல.

இனி என் பரிந்துரை. மணிக்கு வெளியே உள்ள பகுதிகளில் விழுங்கெல்லையைப் பூச்சியமாகவும் பிழையெல்லையை முழுத் தாமதமாகவும் வைத்து, தள்ளிய துடிப்பைக் காட்டும் வசதியையும் திறந்துவிட வேண்டும். அப்போது எந்தத் துடிப்பும் ஒளியாது, சந்தேகமானதெல்லாம் எக்ஸ் ஆகும். எக்ஸ் பரவிச் சிமுலேஷனே நாறிப்போகிறது என்று புகார் வரும். பரவும் இடங்களைத் தேடிப் பார்ப்பதுதான் வேலை. எல்லையை உயர்த்தி அதைத் துடைப்பது வேலையல்ல. மணிக்குள் அடங்கிய பகுதிகளுக்கு வழக்கமான நிலைமத் தாமதமே போதும். கம்பிகளுக்குக் கடத்தல்.

வெளி உள்ளீட்டை வடிகட்ட வேண்டுமானால் அதைச் சுற்றிலேயே செய்யுங்கள்: இரண்டு பிளிப்-பிளாப் வழியாக மணிக்குள் கொண்டுவந்து, ஓர் எண்ணியை ஓடவிட்டு, உள்ளீடு மாறாமல் 10 மில்லிசெக்கன் நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்வது. 1 கிலோஹேர்ட்ஸ் மாதிரியெடுப்பில் 10 எண்ணினால் போதும் என்று தோன்றும். ஆனால் மாதிரிகளுக்கு இடையில் வந்துபோன துடிப்பை அது காணாது. 9 மில்லிசெக்கனுக்குச் சற்று மேற்பட்ட துடிப்பும், எந்தக் கணத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து, 10 மாதிரிகளையும் நிரப்பிவிடும். 10 கிலோஹேர்ட்ஸில் 100 எண்ணினால் அந்த ஐயம் பத்தில் ஒன்றாகக் குறையும். சோதனைப் பெட்டியில் 5 மில்லிசெக்கனும் 20 மில்லிசெக்கனும் கொடுத்துத் திருப்தியடைவது பழக்கம். 9.8, 9.95, 10.1 என்று எல்லையை உரசிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் மணிவிளிம்பிலிருந்து வெவ்வேறு இடைவெளியில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் விலை கூடிய உரிமம் வேண்டியதில்லை. புத்தளத்திலோ கிளிநொச்சியிலோ ஒரு மாணவர் வீட்டுக் கணினியில் வி.எச்.டி.எல். மொழிக்கான இலவசச் சிமுலேட்டரான ஜி.எச்.டி.எல். நிறுவி நிலைமம், கடத்தல், ரிஜெக்ட் மூன்றையும் ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இக்கரஸ் வெரிலாக்கில் பாதைத் தாமதங்கள் இயல்பில் அணைந்திருக்கும். கட்டளையில் கேட்டு வாங்க வேண்டும். வெரிலேட்டர் மிக வேகமானது, ஆனால் பாதைத் தாமத வரையறைகளைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். ஆகவே அதன் சுத்தமான அலைவடிவத்தை வைத்துத் துடிப்புகளைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. எந்தக் கருவியானாலும் ஓட்டத்தின் பதிவேட்டில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: நேர நுண்மை, இரண்டு எல்லைகள், கம்பிக்கும் படலைக்கும் தெரிவுசெய்த தாமத வகை, எஸ்.டி.எஃப். கோப்பின் எந்த மூலை. சில்லை ஒப்புக்கொள்ளும் கூட்டத்தில் அலைவடிவத்தை விரிப்பதற்குமுன் அந்த நான்கையும் வாசித்துவிட்டால், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.